உத்தனப்பள்ளிக் கிணற்றில் ஒரு ஹப்

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை ஒட்டி, தகரக் கூரை போட்ட சைக்கிள் பட்டறை சாந்த் பாஷாவுடையது. உள்ளே சுவரோரம், மரக்கட்டையின் மேல் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். முன்சக்கரம் உண்டு, பின்சக்கரம் இல்லை. பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் அதன் மேல் சட்டையைக் கழற்றிப் போடுவார்கள். அவர்கள் போனதும் பாஷா அந்த இடத்தைத் துடைப்பார்.

யுத்த காலத்தில் அவர் பெங்களூரில் மிலிட்டரி பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். பழுதாகி வரும் மோட்டார் சைக்கிள்களைச் சரிசெய்வது அவர் வேலை. ஓட்டிப் பார்ப்பது சிப்பாய்களின் வேலை. தன் கையால் பூட்டிய வண்டி கேட்டைத் தாண்டிப் போக, அதன் சத்தம் மரங்களுக்கு நடுவே தேய்ந்து மறையும்வரை காது கொடுத்துவிட்டு, அடுத்த வண்டியின் முன்னால் குந்துவார். ஒரு தடவையாவது அந்தச் சத்தத்தோடு கூடப் போகவேண்டும் என்பதுதான் அவருக்கிருந்த ஆசை.

யுத்தம் முடிந்து பழைய வண்டிகளை ஏலம் விட்டார்கள். கழற்றிப் போட்ட வண்டி ஒன்றை எடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தார். சூளகிரி ஏற்றத்தில் லாரி குலுங்கியபோது பின்சக்கரம் விழுந்துவிட்டது. பட்டறையில் இறக்கும்போதுதான் அது தெரிந்தது. திரும்பிப் போய்ப் புதர் புதராகத் தேடியும் கிடைக்கவில்லை.

டயரும் வளையமும் கம்பிகளும் பிற்பாடு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப் மட்டும் வரவில்லை. சங்கிலி ஓடும் பல்சக்கரம் அந்த ஹப்போடு சேர்ந்தே இருக்கும். வேறு வண்டியுடையதை மாட்டினால் உட்காராது. பெங்களூர் பழைய இரும்புச் சந்தையில் அவரைத் தூரத்தில் பார்த்தாலே கடைக்காரர்கள் கையை விரிப்பார்கள்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் இன்ஜினைக் கிளப்பிவிடுவார்.

"ஏங்க, சட்டை மாட்டற ஸ்டாண்டுக்கு இவ்ளோ சத்தமா?" என்பாள் அவர் மனைவி சுக்ரா.

"வண்டி ஓடட்டும், அப்ப பேசு. சூளகிரி ஏத்தத்துல உன்னைப் பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிப்போறேன்."

"அதுவரைக்கும் எனக்கு இடுப்பு நிக்குமா?"

ஐம்பத்து நாலாம் வருஷம், உத்தனப்பள்ளி ராமப்பன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட வந்தார். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு, நடுவே ஹப் ஓடுவதை வேடிக்கை பார்த்தார்.

"இந்த மாதிரி ஒண்ணு எங்க ஊர்ல தண்ணி எறைக்குது, பாய்."

"என்னாது?"

"மாதப்பன் கெணத்துல ராட்டினமே இதான். மத்த ராட்டினமெல்லாம் ஊரைக் கூட்டும். அது மட்டும் வழுக்கிக்கிட்டு ஓடும்."

பாஷா அன்றைக்குப் பட்டறையை மூடிவிட்டார். புதிய இரும்பு ராட்டினம் ஒன்றைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு உத்தனப்பள்ளிக்கு மிதித்தார்.

மாதப்பனின் மனைவி நாகம்மா தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். கயிறு ஓடிய ஹப்பின் உள்ளோரத்தில் மிலிட்டரிப் பச்சை இன்னும் திட்டாக ஒட்டியிருந்தது. பாஷா பல்சக்கரத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பல்கூட இல்லை.

"கயித்த அறுக்குதுன்னு அவருதான் அரத்தால ராவிட்டாரு," என்றாள் நாகம்மா. "கெழவன் வாயாட்டம் ஆயிடுச்சின்னு சிரிச்சாரு."

"பல்லு கட்டிக்கலாம். இது எங்க கெடச்சுது?"

"சந்தைக்குப் போனப்ப சூளகிரி ஏத்தத்துல, புதருக்குள்ள. முழுச் சக்கரமா கெடந்துச்சாம், கம்பியெல்லாம் அறுத்துட்டு இத மட்டும் மாட்டுனாரு."

"அது என்னுது, தங்கச்சி."

எப்படி விழுந்தது, எங்கெல்லாம் தேடினார் என்று சொன்னார். அவள் கயிற்றை விடாமல் கேட்டாள்.

"உங்களுதாவே இருக்கட்டும், பாய். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கறேன். வெளியூரு கெளம்பினவங்க போனதும் உங்கூட்ல பெருக்குவாங்களா?"

"மாட்டாங்க. அவங்க போய்ச் சேர்ற வரைக்கும் தொடப்பத்தத் தொடமாட்டாங்க."

"இவரு கோலாரு தங்கவயலுக்கு வேலைக்குப் போனாரு. போயி ரெண்டு மாங்கா சீசனு ஆச்சு. போய்ச் சேர்ந்தாருன்னே இன்னும் சேதி இல்ல. வீட்ட எத்தினி நாளைக்குப் பெருக்காம இருக்கறது? பெருக்கிட்டேன். இத ஒண்ணத்தான் அவரு மாட்டுனபடியே வுட்டு வெச்சிருக்கேன்."

பாஷா தான் கொண்டுவந்த ராட்டினத்தைப் பார்த்தார். அதைக் கட்டியிருந்த கயிற்றை அவர் அவிழ்க்கவே இல்லை.

"அவரு வந்தா?"

"வந்தா அவரு கையாலயே கழட்டிக் குடுப்பாரு. ஆளு தங்கமான ஆளு. ஒண்ணும் சொல்லமாட்டாரு."

பாஷா பையிலிருந்த கிரீஸ் டப்பாவை எடுத்து, ஹப்பின் இரண்டு பக்கமும் உள்ளே தள்ளினார். நாகம்மா கயிற்றைக் கொஞ்சம் விட, அது சத்தமே இல்லாமல் சுற்றி நின்றது.

"ஆளு எப்படி இருப்பாரு?" என்று கேட்டார்.

"நல்ல ஒசரம். எடது புருவத்துல வெட்டுத் தழும்பு. பேசறதுக்கு முந்தி ஒருவாட்டி கனைப்பாரு. களி சூடா இருந்தாத்தான் தொடுவாரு. ஆறிப்போச்சுன்னா கோவம் வரும், அதுவும் கொஞ்ச நேரந்தான்..." கேட்டதற்கு மேல் அவள் சொல்லிக்கொண்டே போனாள். வாளி பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த தடவை பெங்களூர் போனபோது, அந்த ஹப்பின் விளிம்பில் வைத்து அறைவதற்காக, பல் வெட்டிய இரும்பு வளையம் ஒன்று செய்துகொண்டு வந்தார். வண்டிக்கு மேலே ஓர் ஆணியில் அதை மாட்டினார். அது துருப்பிடிக்காமல் இருக்க அவ்வப்போது எண்ணெய் தடவுவார்.

அதற்குப் பிறகு வேப்பனப்பள்ளி வழியாகக் கோலார் பக்கத்திலிருந்து எந்த லாரி வந்தாலும் பாஷா சாலைக்கு ஓடுவார். தமிழில் கேட்பார், டிரைவருக்குப் புரியாவிட்டால் கன்னடத்திலும் தெலுங்கிலும் கேட்பார். "மாதப்பன்னு ஒருத்தர். உத்தனப்பள்ளிக்காரர். எடது புருவத்துல தழும்பு. பேசறதுக்கு முந்தி கனைப்பாரு." டிரைவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒருவர், "உங்களுக்கு என்ன ஆகணும் பாய், தம்பியா?" என்று கேட்டார்.

"அவ புருஷன அவளவிட நீங்கதான் அதிகமா தேடறீங்க," என்றாள் சுக்ரா.

"அவ நம்ம வண்டிய அங்க பத்திரமா வெச்சிருக்கா. நாம இத செய்யவேணாமா?"

இந்த வெள்ளிக்கிழமையும் இன்ஜினைக் கிளப்பினார். சுக்ரா என்ன நினைத்தாளோ, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவர் தோளில் கை வைத்தாள். கட்டையின் மேல் வண்டி அதிர்ந்தது. எதிரே சாலை வெயிலில் நீண்டு கிடந்தது.

"எந்த ஊரு வந்துச்சு?" என்று அவர் காதருகே கத்தினாள்.

"சூளகிரி ஏத்தம்! கெட்டியா புடிச்சுக்க!"

அப்போது வேப்பனப்பள்ளித் திருப்பத்தில் லாரி ஒன்றின் ஹாரன் கேட்டது. பாஷா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, கையைத் துடைத்தபடியே சாலைக்கு ஓடினார். சுக்ரா சீட்டைவிட்டு இறங்கவில்லை.