அம்மாவின் தலையணை

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம், கம்ப்யூட்டருக்குள் ஆளை உட்காரவைத்துக் காரை மோதவிட்டு, உடம்பில் எங்கே அடிபடுகிறது என்று பார்க்கிறேன் என்பேன். எலும்பு, தசை, ஈரல் எல்லாம் உள்ள உடம்பு மாடல் அது. வரும்போது வாட்டசாட்டமான வெளிநாட்டு ஆணாக வரும். அதைக் குட்டையாக்கி, எலும்பைத் தேயவைத்து, முதுகை வளைத்து, நம்மூர் வயதான பெண்ணாக மாற்றுவது என் பொறுப்பு. அளவுக்கு எங்கே போவது? பிளவுஸ் தைக்கத் தருகிறேன் என்று சொல்லி அம்மாவையே இஞ்ச் டேப்பால் அளந்தேன். இறால் கம்பெனியில் வருஷக்கணக்காகக் குனிந்தே உரித்த முதுகு. எந்த நாற்காலியிலும் ஒழுங்காகச் சாயாது.

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப்போகிறேன். தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டிவிட்டால் முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி, பக்கத்திலும் லாரி. கண்ணாடியை இறக்கினால் புகை. ஏற்றினால் புழுக்கம். ஏசி போட்டால் அம்மாவுக்குக் குளிர் தாங்காது.

வீட்டிலிருந்து இலவம்பஞ்சுத் தலையணையைக் கொண்டுவந்து சீட்டில் போட்டு அதன்மேல்தான் அம்மா உட்காருவாள். முதுகும் வலிக்காது, பெல்ட்டும் கழுத்தை அறுக்காது. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒருநாள் ஆபீசில், சும்மா பார்ப்போமே என்று, மாடலுக்கு அடியிலும் அப்படி ஒரு தலையணை வைத்து மோதிப் பார்த்தேன். பஞ்சு அமுங்கியது. இடுப்பு, பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றின்மேல் ஏறி இறுக்கியது. ஸ்கிரீனில் ஈரல் சிவப்பானது, கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அம்மாவின் அளவு, அம்மாவின் கூன்.

மறுநாளே தலையணையைப் பிடுங்கிவிட்டேன்.

"இன்னாடி இது, முதுகு வுட்டுப்போவுது. தலகாணிய குடு" என்றாள், லாரிகளுக்கு நடுவில் நிற்கும்போது.

"வேணாம்மா. வண்டி மோதுனா பெல்ட்டு வயித்த அறுத்துடும்."

அம்மா சுற்றிலும் பார்த்துச் சிரித்தாள். "நவுரவே மாட்டேங்குது. இது எங்க போயி மோதப்போவுது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவளுக்காகத்தானே மண்டையை உடைத்துக்கொள்கிறேன்! தலையணைக்குப் பதிலாகப் பலகை வைத்துப் பார்த்தேன். சீட்டைப் பின்னால் தள்ளினேன். பெல்ட்டின் மேல்பிடியைத் தாழ்த்தினேன். மாடலுக்கு எல்லாம் சரியாக இருந்தது, அம்மாவுக்கு எதுவும் ஒத்துவரவில்லை.

ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது லாரிகள் அசையவே இல்லை. அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"போதும்டி. இனிமே நான் வரல. வூட்டுலயே கெடந்து போய்ச் சேர்றேன்."

அம்மா சும்மா மிரட்டுகிறவள் இல்லை. அடுத்த முறை கட்டிலைவிட்டு எழவே இல்லை. கெஞ்சினேன், கத்தினேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. பயந்துபோய், பீரோமேல் ஒளித்துவைத்திருந்த தலையணையை எடுத்துக்கொண்டுபோய் காரில் போட்டேன். வந்து சொன்னதும் அம்மா மெதுவாக எழுந்து புடவையைச் சரிசெய்தாள்.

"அளவெடுத்தியே, அந்த பிளவுஸ் இன்னா ஆச்சு?" என்று கேட்டாள், காரில் ஏறியதும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இப்போதும் அந்தத் தலையணையில்தான் வருகிறாள். முன்பெல்லாம் இந்த லாரிகளைச் சபிப்பேன். இப்போது அவை நான்கு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றால்தான் எனக்கு நிம்மதி. வரிசை கலைந்து ரோடு திறந்தாலும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இருக்கிறேன்.

"போயேன்டி, ரோடு காலியாத்தான கீது" என்கிறாள் அம்மா.

பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். ஒரு கையால் அவள் பெல்ட்டை வயிற்றிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்கிவிட்டு, வண்டியை எடுக்கிறேன்.