பங்களாவில் குடியிருந்த குமாஸ்தா

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கம்பெனியில் முப்பத்திநாலு வருஷம் கணக்கு எழுதிய வெங்கிட்டுவுக்குத் தன் புத்தியைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. அந்த அபிப்பிராயத்தில் பங்குகொள்ள வேறு யாரும் முன்வராததால் முழுவதையும் அவரே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எண்பத்தேழில் ரிட்டயரான பிறகு, மட்டாஞ்சேரியை ஒட்டிய செர்லாயில் நாலு பேர் கூடினால் அவரே ஆரம்பித்துவிடுவார். "நானும் ஒரு காலத்திலே மானேஜராக்கும். சர்க்காரே அதை நம்பி வரி போட்டுது, கேட்டேளா?" கேட்டவர்கள் சிரிப்பதற்குள் அவர் சிரித்து முடித்திருப்பார். அந்த வேகம் அனுபவத்தில் வந்தது.

வெங்கிட்டு பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்காரர். எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்துவிட்டு ஐம்பத்திமூன்றில் கொச்சிக்கு வந்து சேர்ந்தார். வேலை கொடுத்த சேட் குஜராத்தி. ஆனால் மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரிவாசி. கோபம் வந்தால் மலையாளம், வெங்கிட்டுவிடம் மட்டும் ஒரு மாதிரித் தமிழ். வெங்கிட்டுவுக்குக் கல்யாணமானதும் சேட் மனமிரங்கி, காயலோரத்துக் கோடவுனுக்கு மேலே இருந்த மச்சை ஒழித்துக் கொடுத்து, வாடகை வேண்டாம் என்றார். கீழே மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும், மேலே வெங்கிட்டுவும் அனந்தலக்ஷ்மியும், நடுவில் பத்தொன்பது படி மர ஏணி.

அந்த மச்சில் மேற்குப் பக்கம் ஓட்டை, கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல். வெங்கிட்டு கிழக்கை மட்டுமே பார்த்தார். ஜன்னலைத் திறந்தால் காயல், வள்ளங்கள், துறைமுகத்துக் கப்பல். 'இந்தக் காட்சிக்கு வெள்ளைக்காரன் என்ன வாடகை கொடுப்பான்!' என்று முதல் மாசமே ஊருக்குக் கடிதம் எழுதினார். இரண்டாம் கடிதத்தில் வேடிக்கைக்காகக் 'கம்பெனி பங்களா' என்று மேல்விலாசம் போட்டார். நாலாம் கடிதத்துக்குள் வேடிக்கை தேய்ந்துபோய் பங்களா மட்டும் மிச்சமிருந்தது. தபால்காரரும் ஒன்றும் கேட்காமல் கொண்டுவந்து கொடுத்தார்.

அனந்தலக்ஷ்மிக்கு அது பங்களாவாகவில்லை. தெருக்குழாயிலிருந்து தண்ணீரைக் குடம் குடமாக ஏணியில் ஏற்றியவள் அவள். காலை எட்டு மணிக்குக் கீழே மிளகு புடைக்க ஆரம்பித்தால் சாயந்தரம்வரை மேலே தும்மல். மகள் விசாலாக்ஷி ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் எழுதப் படித்தாள். குளிக்க, கொல்லையில் சாக்குப் படுதா. இதையெல்லாம் அவள் தினமும் சொன்னாள், அவரும் தினமும் ஒரு பதில் சொன்னார். "ஊரெல்லாம் மிளகை விலை குடுத்து வாங்கறது. நமக்கு வாசனை சும்மா கெடைக்கறது. போறாதா?" இந்தப் பதிலை அவர் ஒரு நகைச்சுவையாகவே நினைத்திருந்தார்.

எழுபத்தாறு ஆவணியில் விசாலாக்ஷிக்குக் கல்யாணம். பெண் பார்த்தது திருப்பூணித்துறையில் மைத்துனன் வீட்டில். ஆகவே சம்பந்திகள் மச்சைப் பார்க்கவில்லை. கல்யாணப் பத்திரிகையைத் தமிழில் அச்சடித்தபோது வெங்கிட்டுவின் பேனா சற்றுத் தாராளமாக ஓடியது. 'வேங்கடேஸ்வரன், மானேஜர், கம்பெனி பங்களா, மட்டாஞ்சேரி' என்று நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை இருநூறு பிரதி வந்தது.

நூற்றித் தொண்ணூற்றொன்பதைக் கொடுத்ததில் தப்பில்லை. ஒன்றுதான் கெடுத்தது.

வருஷா வருஷம் கம்பெனி ஆட்களின் சம்பளக் கணக்கை, அவரவரிடம் பிடித்தம் செய்த வரியோடு, எர்ணாகுளம் வருமான வரி ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுப்பது வெங்கிட்டுவின் வேலை. அங்கே செல்லதுரை என்று ஓர் இன்ஸ்பெக்டர், திருநெல்வேலிக்காரர். ஆபீஸ் முழுக்க மலையாளம். தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்க்கமாட்டோமா என்று ஏங்கிக் கிடந்த மனிதர். வெங்கிட்டு போனால் சாயா வாங்கிக் கொடுத்து அரைமணி நேரம் தமிழ் பேசுவார். பத்திரிகையைப் படித்து ரசிக்கக்கூடிய ஒரே ஆளாயிற்றே என்று, வெங்கிட்டு படகேறிப் போய், குங்குமத்தோடு அதை அவர் கையில் கொடுத்தார். செல்லதுரை வாய்விட்டுப் படித்தார். "மானேஜரா? சொல்லவேயில்லையே சாமி! பங்களா வேறயா!" வெங்கிட்டு அடக்கமாகத் தலைகுனிந்தார். வாழ்நாளில் அவர் அடக்கமாக இருந்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

மறு வருஷம் ஆடி மழையில் கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது. சம்பளக் கணக்கில் குமாஸ்தா என்றிருக்கும் வேங்கடேஸ்வரன் உண்மையில் மானேஜர். அவருக்கு வாடகையில்லாமல் பங்களா கொடுத்திருக்கிறீர்கள். பங்களா வாடகையும் சம்பளமே. அதைச் சேர்த்தால் வரி உண்டு. அந்த வரியைச் சம்பளத்தில் பிடிக்காமல் விட்டது கம்பெனியின் குற்றம். கடந்த மூன்று வருஷத்துக்கும் வட்டியோடு கட்டுங்கள். ஆதாரம், இணைப்பில் உள்ள கல்யாணப் பத்திரிகை, மொழிபெயர்ப்புடன்.

சேட் நோட்டீஸை இரண்டு தரம் படித்தார்.

"வெங்கிட்டு சாமி, நம்ம கம்பெனிக்கு ஒரு பங்களா இருக்குன்னு எனக்கு ஆரும் சொல்லலை. எங்கே இருக்கு? நானும் போய் நாலு நாள் தங்கலாமே."

வெங்கிட்டு மேலே கையைக் காட்டினார். சேட் மேலே பார்த்தார். ஓட்டில் ஓர் எலி ஓடியது.

"அப்பீல் போகலாம்" என்றார் சேட். "ஜெயிச்சா நல்லது. தோத்தா அந்தப் பணம் உன் சம்பளத்திலே. அப்புறம் மானேஜர் வேற இடம் நோக்கிக்கலாம்."

செல்லதுரை நேரில் பார்த்தபோது முகம் வாடிப்போனார். "சாமி, நான் வேணும்னு செய்யல. எந்தக் கம்பெனி வீடு குடுத்திருக்குன்னு ஆபீசர் கேட்டாரு. நம்ம சாமி பங்களாவுல இருக்காருன்னு பெருமையாத்தான் சொன்னேன். பத்திரிகை நீங்கதான குடுத்திய?" சாயாவுக்கு அன்று வெங்கிட்டுவே காசு கொடுத்தார்.

அப்பீல் நம்பர் ஆகி விசாரணைத் தேதி வருவதற்குள் எழுபத்தெட்டு பிறந்துவிட்டது. அதற்குள் வீட்டிலும் ஒரு கேஸ். விசாலாக்ஷி உண்டாகியிருந்தாள். முதல் பிரசவம், தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும். சீமந்தம் முடிந்ததும் சம்பந்தியே கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று கடிதம்.

"ஏழு மாசக்காரி இந்த ஏணி ஏறுவாளா?" என்றாள் அனந்தலக்ஷ்மி. "செர்லாயிலே தரையோட தரையா ஒரு வீடு பாருங்கோ. கெணறு இருந்தா போறும். நான் வேற ஒண்ணும் கேக்கலை."

"பங்களாவை விட்டுட்டு வாடகை வீட்டுக்குப் போனா சம்பந்தி என்ன நெனைப்பா? மானேஜர் வேலை போயிடுத்துன்னு ஊரெல்லாம் பறைவா. கொஞ்சம் ஒத்துப் போ."

சொல்லிவிட்டு, அப்பீலுக்கு வேண்டிய பிரமாணப் பத்திரம் எழுத உட்கார்ந்தார். கம்பெனியின் ஆடிட்டர் கல்யாணராமன் பாலக்காட்டுக்காரர், தெளிவாகச் சொல்லியிருந்தார். "ஓய் வெங்கிட்டு, அது பங்களா இல்லேன்னு மாத்ரம் எழுதினா போறாது. அங்கே ஒரு சுகமும் இல்லை, கம்பெனி சரக்கைக் காக்கறதுக்காகச் சகிச்சுண்டு கெடக்கேன்னு எழுதணும். என்னென்ன கஷ்டம்னு வரிசையா எழுதிக் கொண்டுவாரும். மனசிலாச்சா?"

வெங்கிட்டு பென்சிலைக் கூராக்கிக்கொண்டு ஒன்று என்று எண் போட்டார். அரைமணியாகியும் ஒன்று ஒன்றாகவே நின்றது. யோசித்துப் பார்த்தால் அவருக்கு அந்த வீட்டில் ஒரு கஷ்டமும் இல்லை. எழுந்தார், கீழே போனார், ஆபீஸில் உட்கார்ந்தார், மேலே வந்தார், சாப்பிட்டார், கப்பல் பார்த்தார். வரி ஆபீஸ் சொன்னதுதான் சரியோ என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது அனந்தலக்ஷ்மி குடத்தோடு ஏணியேறி வந்து, மூச்சு வாங்க, வழக்கமான பல்லவியை எடுத்தாள். "பன்னெண்டாவது குடம். மனுஷி இருக்கற எடமா இது? மழை பேஞ்சா ஏணிக்கால் வெள்ளத்திலே, பேயலைன்னா மூக்கிலே மொளகு..."

வெங்கிட்டு சட்டென்று நிமிர்ந்து எழுத ஆரம்பித்தார். "மழை பேஞ்சா என்னன்னு சொன்னே? மெல்லச் சொல்லு."

அவள் குடத்தை இறக்கிவிட்டு அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஜுரம் இல்லை என்று தெரிந்ததும் சொன்னாள். காயல் ஏறினால் கோடவுனுக்குள் கணுக்கால் தண்ணீரில் இறங்கி நடப்பது, எலி கடித்த பாவாடை, கூலியாட்கள் போன பிறகு இருட்டில் குளிப்பது, ஏணியில் வழுக்கி விழுந்து விசாலாக்ஷிக்கு அடுத்து உண்டானது தங்காமல் போனது. கடைசியைச் சொன்னபோது அவள் குரல் மாறவில்லை. வெங்கிட்டுவின் பென்சில்தான் நின்றது. அவள் விழுந்த சமயம் அவர் கணக்கு முடிக்கும் மும்முரத்தில் இருந்ததாக அவருக்கு ஞாபகம். மொத்தம் பதினோரு கஷ்டம் தேறிற்று. ஒன்றுகூட அவருடையது இல்லை.

விசாரணையன்று அப்பீல் கமிஷனர் பதினொன்றையும் பொறுமையாகப் படித்தார். வயதான மனிதர், சின்னக் குரல். இங்கிலீஷில் கேட்டார்.

"இருபத்திரண்டு வருஷம் இப்படி ஓர் இடத்தில் இருந்திருக்கிறீர். இதுவரை ஒரு புகாராவது உண்டா? புகாரே இல்லையென்றால் சௌகரியமாக இருந்தீர் என்றுதானே அர்த்தம்?"

ஆடிட்டர் வெங்கிட்டுவைப் பார்த்தார். சேட் ஆடிட்டரைப் பார்த்தார். கேஸ் அந்த ஒரு பதிலில் நின்றது. வெங்கிட்டுவுக்குப் பொய் சொல்லவும் தோன்றவில்லை.

"புகார் உண்டு சார்."

"யார் கொடுத்தது?"

"என் மனைவி."

"யாரிடம்?"

"என்னிடம் சார்."

"எப்போது?"

"தினமும்."

"நீர் என்ன உத்தரவு போட்டீர்?"

"எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துவிட்டேன் சார்."

"காரணம் காட்டினீரா?"

"இல்லை சார். வாசனை சும்மா கிடைக்கிறது என்று சொன்னேன்."

கமிஷனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறை முழுக்கச் சிரித்தது. ஃபைலுக்குப் பின்னால் செல்லதுரையின் தோள் குலுங்கியது, ஜெயிக்க வேண்டிய சேட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வெங்கிட்டுவும் சிரித்தார், கடைசி ஆளாக. படகில் திரும்பும்போது காது இரண்டும் எரிந்தன. எதிரே மட்டாஞ்சேரிக் கோடவுன் வரிசை தெரிந்தது. எத்தனையோ தரம் படகில் போய்வந்தும், காயலிலிருந்து அவர் தம் மச்சை நிமிர்ந்து பார்த்தது அன்றுதான். ஓடு சரிந்து, சுவர் கறுத்து, அந்த ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அதில் யாரோ ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. கம்பெனிக்கு ஜெயம். சரக்குக் காவலுக்காக அங்கே இருத்தப்பட்ட குமாஸ்தாவுக்கு அது சலுகை ஆகாது. அந்த இடம் மனிதர் குடியிருக்கத் தகுந்ததல்ல. ஆகவே வரி பிடிக்கவேண்டிய கடமை கம்பெனிக்கு இல்லை. மானேஜர் என்பது கல்யாண உற்சாகத்தில் நேர்ந்தது. சேட் எல்லாருக்கும் பேடா கொடுத்தார். வெங்கிட்டுவுக்கு இரண்டு. மூன்றாவது கேட்டிருந்தால் அதையும் கொடுத்திருப்பார்.

வெங்கிட்டு நகலை மேலே கொண்டுபோய், மாவரைத்துக்கொண்டிருந்த அனந்தலக்ஷ்மிக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னார். 'குடியிருக்கத் தகுந்ததல்ல' என்ற இடத்தில் அவள் கை நின்றது.

"எழுதியிருக்காளா? அப்படியே?"

"அப்படியே. அப்பீல் அலவ் ஆயிடுத்து."

"கம்பெனியோடது ஆச்சு" என்றாள் அவள். "என்னோடது?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். நேரே செர்லாய்க்குப் போய் நாலு வீடு பார்த்து, ஐந்தாவதற்கு முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். சம்பந்திக்கு அன்றே கார்டு எழுதினார்: நான் மானேஜர் இல்லை, குமாஸ்தா, இருந்தது பங்களா இல்லை, மிளகு மச்சு, இப்போது வாடகை வீடு, பெண்ணை இங்கே அனுப்பிவைக்கவும். சம்பந்தி அம்மாள் பெண்ணைக் கொண்டுவந்து விட்டு, காபி குடித்துவிட்டு, 'கிணற்று ஜலம் நன்னாருக்கு' என்று மட்டும் சொல்லிப் போனாள். அவர் பயந்து செத்ததெல்லாம் அவ்வளவுதான்.

குடிபோன முதல் சாயந்தரம் அனந்தலக்ஷ்மி கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வெங்கிட்டுவுக்கு நின்று பார்க்கக் கப்பல் ஒன்றும் இல்லை. கிணற்றடிக்குப் போனார். பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"இத்தனை கஷ்டத்தை வச்சுண்டு ஒரு நாளாவது மூட்டையைக் கட்டிண்டு உங்க அப்பா ஆத்துக்குக் கெளம்பியிருக்கப்படாதோ? நான் அன்னிக்கே வழிக்கு வந்திருப்பேனே."

"சொல்லத்தான் சொன்னேன். அதுக்கு மேலே மனசு வரலை" என்றாள் அவள், கயிற்றை விடாமல். "சாயந்தரமானா அந்த ஜன்னலண்டை நிப்பேள். பங்களா, பங்களான்னு மொகத்திலே அத்தனை சந்தோஷம். உங்களுக்கு வேறே என்ன இருந்தது? அதையும் நான் கெடுக்கறதா?"

வெங்கிட்டு அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். வாளி பாதிக் கிணற்றில் நின்றது. கண்ணீர் மறைத்ததில், அதை மேலே இழுப்பதா கீழே விடுவதா என்று கொஞ்ச நேரம் அவருக்குத் தெரியவில்லை.