நிழலை விற்ற மொக்கையன்

குரங்கணிக்கு மேலே இரண்டு ஏக்கர் ஏலக்காடு வைத்திருந்த மொக்கையனுக்குக் கொஞ்சம் வீறாப்பு அதிகம். பறித்த பச்சைக் காயை மூட்டை கட்டிக்கொண்டு போய், அடுத்தவனின் ஸ்டோர் என்கிற சூட்டுக் கொட்டகையில் முறைக்குக் காத்துக் கிடந்து உலர்த்தி வாங்குவது அவனுக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. எழுபத்தொன்பதில் காய்க்கு நல்ல விலை. அந்தத் தைரியத்தில் போடி ஏலக்காய்க் கடை தங்கப்பாண்டியிடம் காட்டுப் பத்திரத்தை வைத்துப் பணம் வாங்கி, சொந்தமாக ஒரு ஸ்டோர் கட்டினான். ஓட்டுக் கூரை, உள்ளே பெரிய அடுப்பு, சூடு பரவ இரும்புக் குழாய், காய் பரப்பத் தட்டுகள் என்று ஒன்றிலும் குறை வைக்கவில்லை. திறப்புக்குக் கிடா வெட்டிச் சோறு போட்டான். தின்றவர்கள் எல்லாரும் வாயாரப் புகழ்ந்தார்கள். கடனைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை, சோறு அவ்வளவு நன்றாக இருந்தது.

வருசா வருசம் சித்திரையில் தவணை. கட்டத் தவறினால் காடு கடைக்காரருக்கு. பேச்சு அவ்வளவுதான். மூன்று சித்திரை சிரித்த முகமாகக் கட்டினான்.

எண்பத்திரண்டில் மழை கைவிட்டது. செடியின் அடியில் ஓடும் பூச்சரம் பூக்காமலே கருகியது. வழக்கமாகப் பத்து மூட்டை இறங்குகிற காட்டில் ஒரு மூட்டை தேறவில்லை. ஸ்டோர் அடுப்பில் பூனை குட்டி போட்டது. அதைப் பார்த்து மொக்கையனுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு தவணை ஞாபகம் வந்தது.

ஆடுகளை விற்றான். பெண்டாட்டி வேலுத்தாயின் தோடு போனது. கிடாச்சோறு தின்ற சொந்தக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினான். ஒருத்தனுக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்தனுக்குக் கிணற்றில் தண்ணி இல்லை. காசிமாயன் மட்டும் உண்மையைச் சொன்னான்: “இருக்கு மாப்ளே. ஆனா உனக்குக் குடுத்தா திரும்பி வராதுல்ல.” அந்த உண்மைதான் அவனை அதிகமாகச் சுட்டது.

சித்திரை பிறந்ததும் மரம் வாங்கும் வியாபாரி ஜீப்பில் வந்து இறங்கினான். காட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தான். மொக்கையனின் அப்பன் காலத்துச் சந்தனவேம்பும் பலாவும் வானத்தை மறைத்து ஏலச்செடிக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றன.

“பாதி மரம் தர்றேண்ணே” என்றான் மொக்கையன்.

“பாதிக்கு லாரி ஏத்துனா வாடகைக்குக்கூடக் கட்டாதுப்பா. மொத்தமாக் குடு, தவணைக்காசு கையில வச்சுர்றேன்.”

வேலுத்தாய் குறுக்கே வந்து நின்றாள். “ஏய்யா, நெழல வித்துட்டு செடிய எங்கய்யா வப்ப?”

“தவணை தப்புனா காடே போயிருதுல்ல. அப்ப நெழலு யாருக்கு?” என்று எரிந்து விழுந்தான்.

மழைக்கு முன்னால் மரங்களின் கிளையைக் கழித்து வெளிச்சம் விடுவது அந்த மலையில் எல்லாரும் செய்கிற வேலைதான். இந்த வருசம் கொஞ்சம் கூடுதலாகக் கழித்ததாக நினைத்துக்கொள்வோம், வைகாசி கடைசியில் சாரல் விழுந்துவிடும், செடி ஈரத்தில் தாக்குப் பிடித்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னான். கழுத்துக்கு மேல் கடன் இருக்கிறவனுக்கு எந்தச் சமாதானமும் நியாயமாகத்தான் தெரியும்.

மரம் விழ விழச் சத்தம் குரங்கணி வரை கேட்டது. தவணையைக் கட்டினான். தங்கப்பாண்டி எண்ணிப் பார்த்துவிட்டு, “மொக்கையன் சொன்ன சொல் தவற மாட்டான்” என்று டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ அவனுக்கு இனிக்கத்தான் செய்தது.

வைகாசியில் சாரல் வரவில்லை. ஆனியிலும் வரவில்லை. வெயில் மட்டும் தவறாமல் வந்தது. ஏல இலைகள் முதலில் மஞ்சளித்து, பிறகு பழுத்து, சுருண்டு மடங்கின. மொக்கையன் காட்டுக்குள் போவதையே நிறுத்திக்கொண்டான். வேலுத்தாய்தான் ஓடை ஓரத்தில் நாலு கம்பு ஊன்றி, தன் கல்யாணச் சேலையை விரித்துக் கட்டி, அதன் கீழே இருந்த தூர்களுக்குக் குடத்தில் தண்ணி சுமந்து ஊற்றினாள். மிச்சக் காட்டுக்கு எத்தனை சேலை வேண்டும் என்று அவன் கேட்டான். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினாள்.

ஆடியில் மழை வந்தபோது நனைவதற்கு அந்தத் தூர்கள் மட்டுமே உயிரோடு இருந்தன. தை மாதம் அவற்றில் ஒரு கூடைக் காய் கிடைத்தது. ஒரு கூடைக்காக ஸ்டோர் அடுப்பை மூட்ட முடியுமா? பாறையில் பரப்பி வெயிலில் காயவைத்தார்கள். வெயிலுக்கு அந்தக் காட்டில் இப்போது பஞ்சமே இல்லை.

சித்திரையில் புருசனும் பெண்டாட்டியும் அந்தக் காயைத் துணியில் முடிந்துகொண்டு போடிக்குப் போனார்கள். தங்கப்பாண்டி உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார்.

“என்ன மொக்கையா, பச்சையே இல்லாம வெளுத்துக் கெடக்கு?”

“வெயில்ல காய வச்சது, அண்ணாச்சி. இன்னும் ஒரு வருசம் பொறுத்தீகன்னா...”

“பொறுத்தா எதை வச்சுக் கட்டுவ? விக்க இன்னும் மரம் இருக்கா?”

அவர் கெட்டவர் இல்லை. அதட்டவில்லை, ஆள் விடவில்லை. காய்க்கு உண்டான காசைக் கொடுத்தார். ஒரு வாரத்தில் காடும் ஸ்டோரும் அவர் பேருக்கு எழுதியாகிவிட்டது. பதிவு முடிந்து வெளியே வந்ததும் தோளில் கை வைத்தார்.

“வேற ஆளுக்கு அந்தக் காடு பழக்கம் இல்ல. நீயே இருந்து பாத்துக்க. ரெண்டு பேருக்கும் நாள்கூலி தர்றேன். மொதச் சோலியா நெழலுக்கு மரம் வையி. நெழலு இல்லாம ஏலம் வராதுன்னு உனக்குச் சொல்லணுமா?”

முதல் மழை விழுந்ததும் சந்தனவேம்புக் கன்றுகள் ஜீப்பில் வந்தன, கூடவே வேலை வாங்கக் கடைக்காரரின் மேஸ்திரியும் வந்தார். மொக்கையன் தன் அப்பன் வைத்த மரங்களின் அடிக்கட்டைகளுக்குப் பக்கத்திலேயே குழி தோண்டினான். நாலாவது குழியில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, அடிக்கட்டை மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

வேலுத்தாய் கன்றை எடுத்துக் குழியில் நிறுத்திப் பிடித்தாள்.

“எந்திரிய்யா. மேஸ்திரி வர்றாரு. கூலியப் பிடிச்சுருவாக.”

அவன் எழுந்து மண்ணைத் தள்ளினான்.