கிணற்றடிக் குளியல்

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது என் மாமியார் போட்ட ஒரே நிபந்தனை அது. ஆஸ்பத்திரியில் அன்று யாராவது இறந்திருந்தால் நான் வாசல் வழியாக வீட்டுக்குள் வரக்கூடாது. சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், கிணற்றடியில் கட்டிய புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே வரலாம். சாவுத் தீட்டாம்.

எழுபதுகளின் பிற்பகுதி. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நான் புதிதாகச் சேர்ந்த டாக்டர். அங்கே யாரும் சாகாத நாளுக்கு எங்கே போவது? டாக்டருக்குப் படித்தது ஈரப் புடவையோடு நடுங்குவதற்கா என்று கணவரிடம் பொரிந்து தள்ளுவேன். அவர் பேப்பரைப் புரட்டுவார்.

எங்கள் சீஃப் நல்ல ஆசிரியர். விஷம் குடித்தவரின் வயிற்றைக் கழுவுவதையும் நின்ற மூச்சை மீட்பதையும் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தார். மீட்க முடியாமல் போனால் நாங்கள் என்ன ஆவோம் என்பதை மட்டும் அவர் பேசியதில்லை. "கையைக் கழுவிட்டு அடுத்த கேஸைப் பாருங்க" என்பார். அப்படிப் பார்த்துப் பார்த்தே என்னோடு சேர்ந்த ஒருவர் பேச்சைக் குறைத்தார், சாப்பாட்டைக் குறைத்தார், கடைசியில் வேலையை விட்டே போய்விட்டார்.

நான் போகவில்லை. அதற்குக் காரணம் கிணற்றடிதான் என்பது எனக்கே மெல்லத்தான் புரிந்தது. மாமியார் கொல்லைக் கதவருகே நின்று, இன்று யார் என்று கேட்பார். முசிறிக்காரர், பாம்புக்கடி என்பேன். குழந்தைகள் உண்டா என்று கேட்பார். சொல்வேன். வேறு யாரும் என்னிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. அவர் உள்ளே போனதும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு அழுவேன். அதன் பிறகு சோறு இறங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோருடன் முக்கொம்புக்குப் போயிருந்த சிறுமியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆற்றில் மூழ்கியிருந்தாள். கை ஓயும்வரை அவள் நெஞ்சை அழுத்தினேன். பிழைக்கவில்லை. இன்னும் ஒரு தடவை பாருங்க என்று அவள் அம்மா என் கையை விடவே இல்லை. பிறகு நான் கையைக் கழுவிக்கொண்டு, அடுத்து வந்தவரின் வெட்டுக்காயத்துக்குத் தையல் போட்டேன்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மாமியார் வாசலிலேயே காத்திருந்தார். முகமெல்லாம் சந்தோஷம். குடும்பப் புரோகிதரைக் கேட்டுவிட்டாராம். "வைத்தியம் பண்றவாளுக்குத் தீட்டே கெடையாதாம். இனிமே நீ குளிர்ல கஷ்டப்பட வேண்டாம். உள்ளே வா, காபி கலந்து வெச்சிருக்கேன்."

எனக்காகத்தான் அலைந்து கேட்டிருக்கிறார். நானும் அதைத்தானே விரும்பினேன்? ஆனால் அந்தப் படியேற எனக்குக் கால் வரவில்லை.

"எனக்குத் தீட்டு உண்டும்மா" என்றேன். "ஒரு குழந்தை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். குளிக்காத என்னைத் தொட்டால் தனக்கும் தீட்டு என்பது அவருக்கு நினைவிருந்ததோ என்னவோ. படியிறங்கி வந்து என் கையைப் பிடித்து, சந்து வழியாகக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் இறைத்து அவரே என் தலையில் ஊற்றினார்.

அன்று நாங்கள் இரண்டு பேரும் குளித்தோம்.