ஒரே அடுப்பு, இரண்டு மேசை

பசீலியா இன்றைக்கும் அந்தப் பன்றிக்கறித் தொழிற்சாலையில்தான் இருக்கிறாள், எனக்கு அடுத்த இடத்தில், கத்தியும் இரும்புக் கையுறையுமாக. அங்கே அவள் பெயர் மரிசோல். பசீலியா என்று யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். வேலையில் சேரக் காகிதம் வேண்டும். குவாத்தமாலாவிலிருந்து நடந்து வந்தவளுக்குக் காகிதம் ஏது? போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்கள் எல்லாம் அமெரிக்கக் குடிமக்கள், அங்கே பிறந்த எவளோ ஒருத்தியின் காகிதத்தை வாங்கிக்கொண்டு சேர்ந்தாள். அவள் புருஷன் எலாதியோவும் அப்படித்தான் சேர்ந்தான். உள்ளே அவன் வில்ஃப்ரெதோ. காகிதப்படி இவளும் யாரையும் கட்டியதில்லை, அவனும் யாரையும் கட்டியதில்லை.

இந்தச் சட்டத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலாளி காகிதத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்வைக்கு அசல் போல இருந்தால் போதும். அதற்குமேல் துருவிக் கேட்டால் அது அவர் குற்றமாகிவிடுமாம். ஆகவே முதலாளி சுத்தம், ஆபீஸ் சுத்தம், நாங்கள் வெட்டித் தரும் கறியைச் சாப்பிடுகிற ஊரும் சுத்தம். பொய்க்காரர்கள் நாங்கள் மட்டும்தான்.

பக்கத்து ஊர்த் தொழிற்சாலையில் ஒருமுறை குடியேற்ற அதிகாரிகள் நுழைந்தார்கள். ஒருவன் பிடிபட்டான். அவனுடைய இன்ஷூரன்ஸ் காகிதத்தில் மனைவி பெயர் இருந்தது. அவளும் அங்கேயே வேலை செய்தவள். அவளையும் கையோடு கூட்டிப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன்னால் பையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாரம் என் சமையலறையில் உட்கார்ந்துதான் பசீலியாவும் எலாதியோவும் பேசி முடிவு செய்தார்கள். சக்கரத்தின் மேல் நிற்கும் எங்கள் வண்டிவீடுகள் இரண்டும் பக்கம் பக்கம், மெல்லிய தகரச் சுவர்.

"தொழிற்சாலை கேட்டுக்குள்ள நுழைஞ்சா நீ யாரோ, நான் யாரோ. எனக்கு என்ன ஆனாலும் நீ நிமிர்ந்து பாக்கக் கூடாது" என்றான் எலாதியோ.

"என்னய்யா பேச்சு இது? அப்போ எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நானும் பாக்க மாட்டேன். ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க. நம்மள்ல ஒருத்தராவது மிஞ்சணும்ல?"

அவள் அழுதாள். பிறகு அவன் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தாள். அவனும் செய்தான்.

அன்றிலிருந்து அவன் ஆண்களோடு ஒரு காரில் வருவான், இவள் என்னோடு வருவாள். கடை கண்ணிக்குப் போவதென்றால் வேறு ஊருக்குப் போவார்கள். எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. புறம் பேசாவிட்டால் தூக்கம் வராத கூட்டம் எங்களுடையது. அப்படிப்பட்டவர்கள் காப்பாற்றிய ரகசியம் இது.

தெரியாதவள் ஒருத்திதான், எங்கள் வரிசை மேற்பார்வையாளர் கானி. அயோவாவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரி. புருஷனை இழந்தவள். எங்களோடு மல்லுக்கட்டியே எங்கள் ஸ்பானிஷ் பாஷையைக் கற்றுக்கொண்டாள். தங்கமான மனுஷிதான், ஆனால் தனியாக ஒரு ஆளைப் பார்த்துவிட்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. உடனே ஜோடி சேர்க்க வேண்டும்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கண்டுபிடித்துவிட்டாள். இந்த மேசையில் பசீலியாவின் டப்பாவில் கறுப்பு பீன்ஸும் சோளரொட்டியும் வாழைப்பழ வறுவலும். அந்த மேசையில் எலாதியோவின் டப்பாவிலும் அதேதான். ஒரே அடுப்பில், விடிவதற்கு முன்னால் அவள் சமைத்தது.

"பாருங்கடி இந்த அதிசயத்தை!" என்று கானி கத்தினாள். "மரிசோல், அந்த ஆளு தனியா சமைச்சு சாப்பிடறார். அதுவும் உன் சமையலேதான். இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும் உனக்கு?"

நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டோம். எலாதியோ முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு, "வேணாம் மேடம், அந்தம்மா முகத்தைப் பாத்தா முசுடு மாதிரி தெரியுது" என்றான்.

அன்று சாயங்காலம் பசீலியாவின் குரல் சுவர் வழியாகக் கேட்டது. "ஏய்யா, நான் முசுடா? நாளைக்கு நீயே எந்திரிச்சு உன் பீன்ஸை வேகவச்சுக்கோ!"

கானி விடவில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் இருவரையும் பிடித்து இழுத்து, எல்லார் முன்னாலும் ஆடச் சொன்னாள். அவன் கையை நீட்டினான். இவள் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே அவர்கள் ஒருவரையொருவர் தொட்டது அன்று மட்டும்தான். இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது, அது நடிப்பு இல்லை. பாட்டு முடிந்தும் அவன் கையை விட மறந்துவிட்டான். கானிக்கு ஒரே பெருமை. "கோழி மாட்டிக்கிச்சு" என்று என் காதில் சொன்னாள்.

அதற்கடுத்த பிப்ரவரியில், வேலை மும்முரத்தில் இருக்கும்போது, எலாதியோ பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். பெட்டிகள் சரிந்த சத்தம் எங்கள் வரைக்கும் வந்தது. யாரோ "வில்ஃப்ரெதோ! வில்ஃப்ரெதோ!" என்று அலறினார்கள். கறியைக் கொண்டுவரும் பெல்ட் நின்றது. எல்லாரும் திரும்பினோம்.

பசீலியா திரும்பவில்லை. முன்னால் கிடந்த இறைச்சித் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போடி" என்றேன். "நாசமாப் போக அந்தச் சத்தியம். போ, நான் பாத்துக்கறேன்."

"பொண்ணுங்க" என்றாள். அந்த ஒரு சொல்தான். உதடு வெளுத்துப் போயிருந்தது.

ஸ்ட்ரெச்சர் எங்கள் வரிசையை ஒட்டித்தான் போனது. கை நீட்டினால் தொடலாம். அவன் கண் திறந்திருந்தது, எங்கள் பக்கம்தான் திரும்பியிருந்தது. அவள் நிமிரவில்லை. கானி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள், ஆம்புலன்ஸிலும் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் பெல்ட் மறுபடி ஓடியது. பசீலியா கொழுப்பை வெட்டினாள். எல்லாத் துண்டுகளையும் ஒழுங்காகத்தான் வெட்டினாள், நான்தான் என் துண்டுகளைப் பாழாக்கினேன்.

மத்தியானம் கானி திரும்பி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. நேராக எங்களிடம் வந்தாள்.

"போயிட்டார்" என்றாள். "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட தாங்கல. பாவம், சொல்லி அழ ஒரு ஆள் இல்லாத மனுஷன். நான்தான் கையைப் புடிச்சுட்டிருந்தேன்."

பசீலியா கத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஒரே பேரைத்தான் சொல்லிட்டே இருந்தார். பசீலியா, பசீலியான்னு. யாரு அது? ஊர்ல இருக்கற அம்மாவா? தங்கச்சியா? ஆபீஸ்ல கேக்கறாங்க. உனக்குத் தெரியுமா மரிசோல்?"



"தெரியாது" என்றாள் பசீலியா.

"வந்துட்டிருக்காங்க, பக்கத்துல வந்தாச்சுன்னு அவர்கிட்ட சொன்னேன். பொய்தான். போற உசுருகிட்ட வேற என்னத்தைச் சொல்றது? அதுக்கப்புறம்தான் அமைதியானார்."

"நல்லது பண்ணீங்க" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவை என்னால் தாங்க முடியவில்லை.

கானி அவள் கையுறையோடு சேர்த்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ரெண்டு பேருக்கும் முடிச்சு வச்சிடணும்னு எவ்வளவோ பாத்தேன். காலம் விடல. உண்மையைச் சொல்லு கண்ணு, உனக்கும் அவர்மேல ஆசை இருந்துச்சு, இல்ல?"



"ஆமா" என்றாள் பசீலியா. "கொஞ்சம்."

அதைக் கேட்டதும் கானி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். பசீலியா கையுறையைக் கழற்றிவிட்டு, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடி நின்றாள்.