ஏழாம் நம்பர் ஜெர்சி

அவள்மேல் எனக்குப் பொறாமை என்று யாரும் கண்டுபிடித்ததில்லை. மதியம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவோம். அவள் சதுரங்கப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். நான் வேடந்தாங்கல் பக்கம், நெல் போடுகிற குடும்பம். செங்கல்பட்டுப் பள்ளியில் இருவரும் வாலிபால் டீம். நான் மூச்சுத் திணறக் குதித்தும் வலைக்கு மேல் விரல்தான் தெரியும். அவள் சும்மா எம்பினாலே முழங்கை தெரியும். அப்படிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பிளஸ் டூ முடித்து இருவரும் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பித்தோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வாலிபாலுக்கு ஒரே ஒரு இடம். பட்டியலில் அவள் முதல், நான் இரண்டாவது.

"வுடுடி, உனுக்கு வேற காலேஜ் கெடிக்கும்" என்று என் தோளில் கை போட்டாள். ஜெயித்தவள் சொல்லும் ஆறுதலைப்போல எரிச்சல் தருவது வேறெதுவும் இல்லை.

சான்றிதழ் சரிபார்க்கும் நாளில், பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் ஃபைலை எட்டிப் பார்த்தேன். அவளை முதலிடத்துக்குக் கொண்டுபோனது மாநில அணியில் ஆடிய சான்றிதழ். அதில் வாலிபால் சங்கச் செயலாளரின் கையெழுத்து, விண்ணப்பிக்கக் கடைசித் தேதி முடிந்த பிறகு வாங்கியது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அடுத்த வாரமே சென்னையில் ஐகோர்ட்டில் கேஸ்.

"உன் சர்டிபிகேட்ல அவங்க நோண்டுற மாதிரி எதாவது இருக்காம்மா?" என்று கேட்டார் வக்கீல்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

இருந்தது. முந்தைய வருஷம் நாங்கள் கோப்பை வாங்கிய இறுதி ஆட்டத்தில் நான் ஆடவே இல்லை. அரையிறுதியில் கணுக்கால் பிசகிவிட்டது. அவளோ, பிறப்புச் சான்றிதழ் வரத் தாமதமானதால் பன்னிரண்டு பேர் பட்டியலிலேயே இல்லை, கைதட்ட வந்தவள். என் ஏழாம் நம்பர் ஜெர்சியை மாட்டிக்கொண்டு, என் பேரில் இறங்கினாள். ரெஃப்ரி அடையாள அட்டையைப் பார்க்கத்தான் பார்த்தார். எண்ணெய் வழிய வாரி, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடையில் எங்கள் பள்ளிப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே முகம்தான். அவள் அடித்து வாங்கிய கோப்பைக்கு என் பேரில் சான்றிதழ் வந்தது. அதுதான் என்னை இரண்டாமிடத்தில் உட்கார வைத்திருந்தது.

அவள் தரப்பின் பதில் மனு வந்ததும், வரிக்கு வரி தேடினேன். செயலாளர் வெளியூர் போயிருந்தார், அதனால் தாமதம் என்று மட்டும் இருந்தது. ஜெர்சி பற்றி ஒரு சொல் இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'நல்லவள் வேஷம் போடுகிறாளா?' என்று இன்னும் புழுங்கினேன்.

தேதி தேதிதான் என்று தீர்ப்பு வந்தது. இடம் எனக்குக் கிடைத்தது.

கல்லூரி திறந்த மாதம், கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தபோது அவளே வந்தாள். ஏதோ ஒரு கல்லூரியில் பி.காம் சேர்ந்திருக்கிறாளாம். என் முதுகில் ஏழாம் நம்பர், புது ஜெர்சி. அதைப் பார்த்துவிட்டு, "காலு இப்போ எப்டி கீது?" என்றாள்.

"ஏன்டி கோர்ட்ல சொல்லல?" வாய் தவறிக் கேட்டேவிட்டேன்.

"சொன்னா உன்னோடது மட்டுமா போவும்? பன்னெண்டு பேரு சர்டிபிகேட்டும் செல்லாதுன்னுடுவான். அத்த வெச்சி போலீஸ் வேலைக்கு எழுதிக்கினு கீறாளுங்க ரெண்டு பேரு. அவளுங்க இன்னாடி பண்ணாங்க?"

ஆட்டோ வந்தது. அவள் ஏறிப் போனாள்.

அந்த டீமில் நானும் இருந்தேன். வக்கீல் கேட்ட நாளிலிருந்து தீர்ப்பு வந்த நாள்வரை, மற்றவர்களின் முகம் ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை. இதிலும் அவளே முதல். இன்னும் வயிறு எரிகிறது.