சனிக்கிழமை வரை ஓகே

இன்று காலை கம்பெனி பஸ் என் ஸ்டாப்பில் நிற்காமல் போனது!

டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார். கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். ஆனால் நிறுத்தவில்லை. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சனிக்கிழமையே ஃபோனில் சொல்லிவிட்டார்கள்.

(பழக்கதோஷத்தில் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு போய் நின்றது நான்தான்.)

தெரியாதவர்களுக்கு: நான் செல்வி. சொந்த ஊர் காவேரிப்பட்டினம். ஓசூரில் ஒரு பார்ட்ஸ் வேர்ஹவுஸில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வண்டியோடு செல்ஃபி போட்டபோது எல்லாரும் "கலக்குறீங்க!" என்று கமெண்ட் போட்டீர்களே, அதே வண்டிதான்.

வண்டியை எடுக்கும் முன் தினமும் செக் ஷீட் எழுத வேண்டும். பிரேக், ஹாரன், செயின், ரிவர்ஸ் பஸ்ஸர் எல்லாவற்றையும் பார்த்து அன்றைய கட்டத்தில் டிக் போட வேண்டும். கடைசியில் 'ஆபரேட்டர் நலம்' என்று ஒரு கட்டம்கூட உண்டு.

தினமும் யார் எழுதுவது?

திங்கட்கிழமை டீ டைமில் உட்கார்ந்து சனிக்கிழமை வரைக்கும் மொத்தமாக டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிடுவேன். நான் மட்டுமில்லை, எல்லாரும்தான். (வார ராசிபலன் எழுதுகிறவர்களுக்குக்கூட இவ்வளவு தைரியம் கிடையாது!)

போன செவ்வாய்க்கிழமை ரிவர்ஸ் பஸ்ஸர் செத்துப்போனது. வண்டி பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்துமே, அது. பெட்டிகளை உயரமாக ஏற்றினால் முன்னால் ஒன்றும் தெரியாது, ரிவர்ஸில்தான் போக வேண்டும். எங்கள் வேலையில் பாதி ரிவர்ஸ்தான்.

மெயின்டனன்ஸ் சீனப்பா அண்ணனிடம் போனேன்.

"அண்ணா, பஸ்ஸர் வேல செய்யல. மாத்திக் குடுங்கண்ணா."

அவர் என் ஷீட்டை எடுத்துப் பார்த்தார்.

"நீயே ஓகேன்னு போட்டிருக்கியே பாப்பா. சனிக்கெழம வரைக்கும் ஓகே. நான் என்னான்னு சொல்லி ஸ்டோர்ல புது பஸ்ஸர் கேக்கறது?"

"அடிச்சி எழுதிட்றன்ணா."

"அடிச்சி எழுதுனா ஆடிட்ல ரெண்டு பேருக்கும் மெமோ வரும். திங்கக்கெழம புது ஷீட்டு வரும்ல, அதுல இன்ட்டு போடு. அன்னிக்கே மாத்தித் தர்றன். அதுவரைக்கும் பாத்து ஓட்டு."

சரி என்று வந்துவிட்டேன். எனக்கும் மெமோ என்றால் பயம். ஷிப்டில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய், "பஸ்ஸர் இல்ல, பாத்து நவுருங்க" என்று வாயால் சொன்னேன்.

நாகரத்னா அக்கா அன்று லீவு.

அக்கா பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுபவர். கான்ட்ராக்டில் ஒன்பது வருடம். வீட்டில் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். மத்தியானம் எனக்கென்று ஒரு களி உருண்டை தனியாக எடுத்து வருவார். வண்டிப் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். பஸ்ஸர் கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு எட்டு ஒதுங்குவார்.

புதன்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். நான் சொல்ல மறந்துவிட்டேன்.

பதினொரு மணி இருக்கும். வலது தோள் வழியாகப் பார்த்துக்கொண்டு ரிவர்ஸில் வந்தேன். அக்கா இடது பக்கம், கீழ்த்தட்டுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டக் குனிந்திருந்தார்.

அலறல் கேட்டுத்தான் பிரேக் போட்டேன். பிரேக் நன்றாகப் பிடித்தது. பின்சக்கரம் அக்காவின் பாதத்தின் மேலேயே நின்றது.

வண்டியை முன்னால் நகர்த்தினால்தான் காலை எடுக்க முடியும். அதையும் நான்தான் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் பாதி பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயந்திரம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். மேஜையில் ஒரு காலி செக் ஷீட்.

"செல்வி, புதன் வரைக்கும் மட்டும் டிக் போட்டு புதுசா எழுதிக் குடு. அந்தம்மா இயர்ஃபோன் மாட்டிகினு வண்டிப் பாதையில நின்னாங்கன்னு ஒரு லெட்டர். அவ்ளோதான்!"

அக்காவிடம் இருப்பது பட்டன் ஃபோன். இயர்ஃபோனோடு நான் பார்த்ததே இல்லை.

"அப்பிடி எழுதுனா அக்காவுக்கு நஷ்டஈடு ஒண்ணுமே கெடைக்காதே சார்?"

"அவங்க கான்ட்ராக்ட் ஆளும்மா. நீ பர்மனென்ட். யோசிச்சிக்கோ."

யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், முழுதாக ஒரு மணி நேரம் யோசித்தேன். அதை நினைத்தால் இப்போதும் அசிங்கமாக இருக்கிறது.

பிறகு எழுதிக் கொடுத்தேன். பஸ்ஸர் வேலை செய்யவில்லை. எனக்குத் தெரியும். அக்காவிடம் சொல்லவில்லை. பார்க்காமலேயே டிக் போட்டேன். பழைய ஷீட்டை ஃபோட்டோ எடுத்து அதையும் சேர்த்துக் கொடுத்தேன். என் லைசென்ஸும் வேலையும் இனி என்ன ஆகும் என்று தெரியாது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காதான் முதலில் பேசினார்.

"வந்தியா கண்ணு. நீ யாருகிட்டயும் சண்ட போடாத. எம்மேலதான் தப்பு. ஒம்போது வருசமா கேக்கற சத்தம், அன்னிக்கின்னு பாத்து காதுல உழாம போச்சி."

கட்டில் ஓரமாக உட்கார்ந்தேன்.

"அக்கா, சத்தமே வரலக்கா. பஸ்ஸர் கெட்டுப்போயிருந்திச்சி. எனக்கு மொத நாளே தெரியும்."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து வரும்வரை திரும்பவில்லை.

இன்று திங்கட்கிழமை. புது ஷீட் வந்துவிட்டதாம். பஸ்ஸரும் மாற்றிவிட்டார்களாம். பத்து நிமிட வேலையாம்!

போன வாரம் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அந்த வண்டியைச் சங்கிலி போட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். என் ஷீட்டில் மூன்று நாளும் பிரேக் ஓகே, பஸ்ஸர் ஓகே, ஆபரேட்டர் நலம் ஓகே.

இதற்கு லைக் போட வேண்டாம். தைரியசாலி என்றும் தயவுசெய்து எழுதாதீர்கள்.

உங்கள் கம்பெனியில் தொங்கும் செக் ஷீட்டை மட்டும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நாளைக்கான கட்டம் காலியாக இருக்கிறதா?